கூப்பிடாமல் வந்த கவின்மதி

கரூரில் டீக்கடை மாடி ஒன்றில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனி ஆரம்பித்தாள் கவின்மதி. கம்பெனி என்றால் அவளும் அவள் தோழியும்தான்.

ஜவுளி ஏற்றுமதி முதலாளி சென்னியப்பனிடம் வேலை கேட்டுப் போனாள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"இப்ப பாக்கற பெங்களூர் கம்பெனியில எழுநூறு பேரு. கம்ப்யூட்டர் சர்வர் படுத்துக்கிட்டா, கூப்பிட்ட அன்னிக்கே வந்து நிக்கறாங்க. நீ கெடறதுக்கு முன்னாடியே வருவியாம்மா?"

ஆபீசே சிரித்தது. கவின்மதி சர்வரைப் பார்த்தாள். மேலெல்லாம் காய்ந்த மஞ்சள் கறை.

"வந்துடறேனுங்க. வந்தா வேலை எனக்குத்தானுங்களே?"

"வந்து காட்டு, தர்றேன்!"

ஆயுத பூஜை வந்தது. சர்வருக்கும் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆயிற்று. சென்னியப்பன் சொம்பு மஞ்சள் தண்ணீரில் மாவிலையை முக்கி, பக்தியோடு ஓங்கித் தெளித்தார். அத்தனையும் விரித்த குடை ஒன்றின்மேல் விழுந்தது. குடைக்குப் பின்னால் சர்வர். குடையைப் பிடித்தபடி நம்ம கவின்மதி!

"உன்னை யாரும்மா கூப்பிட்டது? இங்க ஒண்ணும் கெடலையே!"

"கெடறதுக்கு முன்னாடி வரச் சொன்னீங்க. வந்துட்டனுங்க."

குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை முதலில் சிரித்தவர் சென்னியப்பன்தான். பூஜைத் தட்டிலிருந்த முதல் வெற்றிலை பாக்கை எடுத்து, வேலை அவளுக்கே என்று அவள் கையில் கொடுத்தார்.

பெங்களூரில் எழுநூறு பேரும் ஃபோன் அடிக்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.