பாலத்துக்கு அந்தப் பக்கம்

முதலில் மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல்.

"சார், பொண்டாட்டிக்கு வலி வந்துடுச்சு. பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. வண்டி அனுப்புங்க."

அழைப்பு ஒரு மலையூரிலிருந்து. ஆம்புலன்ஸ் அறையில் அருளப்பன் அந்த ஊரைத் திரையில் தொட்டார். வண்டிக்கு வழி தேடும் புரோகிராம் அவர் எழுதியதுதான். எழுதக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து நாற்காலி நாச்சியார். அருளப்பனைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அவருக்கு டீச்சர்.

அடிவாரத்தில் நின்ற வண்டியிலிருந்து கோடுகள் கிளம்பின. சிந்திய தண்ணீர்போல் ஒவ்வொரு சந்திப்பாகப் பரவின. பதில் வந்தது: இரண்டரை மணி நேரம்.

"என்னண்ணே, டூரா கூட்டிட்டுப் போறீங்க?"

"ஆத்துப் பாலம் உடைஞ்சிருச்சு டீச்சர். அந்த ரோட்டை நான்தான் புரோகிராம்ல இருந்து எடுத்துட்டேன். இல்லாட்டி வண்டியை ஆத்துக்குள்ள இறக்கிடுமே."

மறுபடி தேடவிட்டார். அதே பதில்.

"இருக்கிற ரோடு அத்தனையும் தடவிப் பார்த்தாச்சு. இதைவிடக் கிட்ட வழியை எப்படி டீச்சர் கண்டுபிடிக்கிறது?"

நாச்சியார் அவருடைய ஹெட்போனை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார்.

"தம்பி, உங்க ஊர்ல என்ன வண்டி இருக்கு?"

"பால் வண்டி இருக்குங்கம்மா. ஆனா அது பாலம் வரைக்கும்தான் போகும்."

"பாலத்துல ஆள் போகலாமா?"

"பலகை போட்டிருக்கோம். மாடே போகுது."

"அப்ப அவங்களைப் பால் வண்டியில படுக்க வச்சுக் கிளம்புங்க. கூட ஒரு பொம்பளை ஆள் வரட்டும். எங்க ஆளுங்க ஸ்ட்ரெச்சரோட பலகை ஏறி அந்தப் பக்கம் வருவாங்க."

அருளப்பன் டிரைவருக்குச் சொன்னார். திரையில் ஆம்புலன்ஸின் புள்ளி மேலே ஏறிக்கொண்டிருந்தது. மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்குப் புள்ளி கிடையாது. அருளப்பன் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வயர்லெஸ் கரகரத்தது. டிரைவர் சிரிப்பது கேட்டது.

"ஏத்தியாச்சு சார். நல்லாத்தான் இருக்காங்க. அந்தம்மா திட்டுற திட்டுல புருஷன்தான் பாதி ஆளாயிட்டாரு."

அருளப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என் கணக்கு எங்க டீச்சர் தப்பாப் போச்சு?"

"கணக்கு சரிதாண்ணே. காத்திருக்கிறவங்க நகர மாட்டாங்கன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க."

அருளப்பன் எழுந்து, நாச்சியார் சாப்பிட்டு வைத்திருந்த டிபன் பாக்ஸை எடுத்துக் கழுவப் போனார்.