எறும்பு பேச்சை விட்ட மழைக்காலம்

அந்தக் காலத்தில் எறும்புக்கு வாய் பேசுவதற்கென்றுதான் இருந்தது. தானியம் கிடைத்தால் முன்காலால் உருட்டிக்கொண்டே போகும். போகிற வழியெல்லாம் பேச்சு! வீட்டுக்கு வீடு நின்று ஊர்க்கதை பேசாமல் ஓர் எறும்பும் புற்றுக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. என்ன நல்ல காலம் அது!

கரிசல் காட்டில் சடச்சி என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் ஆட்டுக்கிடையோடு வெளியூர் போய்விட, மூன்று வயது மகள் செம்பகமும் அவளும்தான் வீட்டில். அவளுக்குப் பேச்சுத்துணை அடுப்படிச் சிற்றெறும்புதான். சடச்சி அதைத் தங்கச்சி என்பாள்; அது அவளை அக்கா என்னும்.

சடச்சிக்கு அய்யனார்மேல் அப்படியொரு பக்தி. களத்து வேலைக்குக் கூலியாக வரும் கம்பை அன்றன்றே குத்திக் கூழாகக் காய்ச்சிவிடுவாள். குடித்தது போக மிச்சத்தை அக்கம்பக்கத்தில் கொடுத்து, பானையை வழித்துக் கழுவிக் கவிழ்த்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

"நாளைக்கு ரெண்டு கை எடுத்து வையேன், அக்கா. வானம் ஒண்ணுபோல இருக்குமா?" என்றது எறும்பு.

"போடி போக்கத்தவளே! எடுத்து வச்சா, 'நாளைக்கு நீ தரமாட்டே'ன்னு சாமி மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரில்ல! படியளக்கிறவரு இருக்காரு."

ஐப்பசியில் மழை பிடித்தது. விட்டபாடில்லை. களம் மூழ்கி, வேலையும் நின்றது. அக்கம்பக்கத்துப் பானைகளும் கவிழ்ந்தே கிடந்தன; ஊரே சடச்சி மாதிரிதான். மூன்றாம் நாள் செம்பகம் அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தாள். அய்யனாரைக் கூப்பிட்டு ஓய்ந்த சடச்சி, கடைசியில் ஏசவும் தொடங்கினாள். பெற்ற வயிறு இல்லையா?

"அவரை எதுக்கு ஏசுறே? மழைநாளைக்கும் சேத்துத்தான் வெயில்நாள்ல அளந்தாரு. நீதான் அன்னைக்கே வழிச்சிட்டே," என்றது எறும்பு.

சடச்சிக்குச் சுருக்கென்றது.

"எங்க மேட்டுப் புத்துல கம்பு கெடக்கு, அக்கா. ஆனா வாசல் முத்தமெல்லாம் தண்ணி. உருட்டினா அடிச்சிட்டுப் போயிரும். வேப்பங்கொப்பு வழியா கூரைக்கு ஏறி, வாயில கவ்விக்கிட்டுத்தான் வரணும். கவ்வின வாய் பெறகு பேசாது. அது எங்க குலத்துக்கு உள்ள கட்டு."

சடச்சி மகளைப் பார்த்தாள், எறும்பைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை. கொண்டு வா என்று கேட்கவும் நா எழவில்லை.

"உலையைப் போடு. பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சு," என்று சொல்லிவிட்டு எறும்பு கிளம்பியது.

சற்று நேரத்தில் கூரையிலிருந்து சுவரோரமாய்க் கறுப்பாக ஒரு வரிசை இறங்கியது. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு கம்பு மணி. மழை விடும்வரை அந்த வரிசை அறுபடவில்லை. செம்பகம் பிழைத்துக்கொண்டாள்.

வெயில் அடித்த அன்று சடச்சி அடுப்படியில் குனிந்து, "தங்கச்சி" என்று கூப்பிட்டாள். வரிசையில் ஓர் எறும்பு நின்றது. மீசையை அசைத்து அவளைப் பார்த்தது. பிறகு வரிசையோடு போய்விட்டது. சடச்சி குலுங்கிக் குலுங்கி அழுதாள். களத்து வேலை மறுபடி தொடங்கி, முதல் கூலிக் கம்பை உலைக்கு அளந்தபோது, அதில் ஒரு கை அள்ளித் திரும்பத் தானியப் பானையில் போட்டாள்.

அன்று முதல்தான் எறும்புகள் பேசுவதில்லை. அன்று முதல்தான் நாமும் உலைக்கு அளந்த அரிசியில் ஒரு கையை, சாமி பேரைச் சொல்லி, அரிசிப் பானைக்கே திருப்பிப் போடுகிறோம்.