முழங்கால் உயர மதில்

கொற்றங்குடி மன்னர் உத்தண்ட பூபதி ஒருநாள் பாதிச் சவரத்தோடு அரசவைக்கு வந்தார். இடது கன்னம் வழவழ. வலது கன்னம் புதர். அவையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. விட்டால் சிரிப்பும் கூடவே வந்துவிடும்.

"நாவிதன் சங்கிலி எங்கே?" என்று உறுமினார் மன்னர். "ஒரு பக்கம் முடித்தான். சன்னல் வழியே எட்டிப் பார்த்தான். 'ஐயோ, சொந்தக்காரங்க எல்லாம் கிளம்பிட்டாங்களே' என்று கத்தியும் கையுமாகப் போயே போய்விட்டான்!"

எங்கே போனான் என்று விகடகவி சொக்கப்பனுக்குத் தெரியும். எல்லைக்கு அந்தப் பக்கம் செம்பாலை நாடு. அங்கே நாள் கூலி ஒரு படி அரிசி. இங்கே அரைப்படி, அதிலும் பாதி கல். உழுகிறவர், கொத்தனார், முரசு அடிக்கிறவர் என்று எல்லோரும் போய்விட்டார்கள். கொற்றங்குடியில் மிச்சம் இருந்தது கட்டளை போடுகிறவர்கள் மட்டும்தான்.

அமைச்சர் திருமேனியாருக்குச் சொக்கப்பனைக் கண்டாலே ஆகாது. அவர் எழுந்தார். "எல்லை நெடுக மதில் கட்டுவோம், மகாராஜா! ஒரு ஈ வெளியே போகக் கூடாது. பொறுப்பைச் சொக்கப்பனிடமே கொடுங்கள்."

"அப்படியே ஆகட்டும்!" என்றார் மன்னர். "சொக்கப்பா, தேர்த் திருவிழாவுக்குள் போன சனம் திரும்ப வேண்டும். இல்லையென்றால் வடம் பிடிக்க ஆள் ஏது? நீ தனியாகத் தேர் இழுக்க வேண்டியதுதான்!"

அந்தத் தேருக்கு ஆயிரம் பேர் வேண்டும். சொக்கப்பனோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கவே மனைவியைக் கூப்பிடுகிறவன்.

"மதில் கட்டக் கொத்தனார் வேண்டுமே, மகாராஜா? அவர்களும் அந்தப் பக்கம்தானே இருக்கிறார்கள்?"

"எப்படியாவது கூப்பிடு! களஞ்சியத்தைத் திறந்துகொள்!"

அந்த ஒரு வார்த்தை போதும் அவனுக்கு. எல்லைக்கு ஓடினான். முரசு அடிக்க ஆள் இல்லாததால் தானே அடித்தான். "மதில் வேலைக்கு ஆள் தேவை! நாளுக்கு இரண்டு படி! கல் இல்லாத அரிசி! மத்தியானம் குழம்புச் சோறு!"

பத்தே நாளில் போன சனமெல்லாம் வந்துவிட்டது. செம்பாலைக்காரர்களும் கூடவே வந்தார்கள். தாங்கள் வெளியே போகாதபடி தாங்களே மதில் கட்டினார்கள்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது திருமேனியார் மன்னரை எல்லைக்கே அழைத்து வந்தார். மதில் முழங்கால் உயரம்தான் இருந்தது. மேலே ஒரு ஆடு படுத்திருந்தது. ஒரு கூட்டம் கல் அடுக்க, இன்னொரு கூட்டம் "வரிசை கோணல்" என்று அதைப் பிரித்துக்கொண்டிருந்தது.

"பார்த்தீர்களா மகாராஜா! காலையில் கட்டி மாலையில் இடிக்கிறான்!"

மன்னரின் கண் கல் சுமந்த நாவிதன் சங்கிலி மேல் விழுந்தது. "டேய், முதலில் என் முகத்தை முடிடா!" என்று அங்கேயே உட்கார்ந்தார். சங்கிலி கல்லை இறக்கிவிட்டு, மறுபடி இடது கன்னத்திலிருந்து ஆரம்பித்தான்.

"சொக்கப்பா, எப்போது முடிப்பாய்?" என்றார் மன்னர், வாயை அசைக்காமல்.

"மதில் முடிகிற அன்றைக்குக் கூலியும் முடியும், மகாராஜா. மறுநாள் அதை முதலில் தாண்டுகிறவர்கள் கட்டினவர்களாகத்தான் இருப்பார்கள். எந்தக் கல்லில் கால் வைக்கலாம் என்று அவர்களுக்குத்தானே தெரியும்?"

மன்னர் பதில் சொல்லும் முன் அந்தப் பக்கம் முரசு அதிர்ந்தது. "செம்பாலை மன்னரின் ஆணை! நம் சனம் கொற்றங்குடிக்குப் போகாமல் நாமும் மதில் கட்டுகிறோம்! வேலைக்கு ஆள் தேவை! நாளுக்கு மூன்று படி!"

ஆயிரம் பேரும் நிமிர்ந்தார்கள். ஆயிரம் கால்கள் முழங்கால் உயரத்துக்கு எழுந்தன. வலது கன்னத்துக்குப் போன கத்தி பாதி வழியில் நின்றது. சங்கிலி மெல்ல அந்தப் பக்கம் பார்த்தான்.

"நாலு படி!" என்று அலறினார் மன்னர். "எல்லா வேலைக்கும் நாலு படி!"

கால்கள் இறங்கின. கத்தி இறங்கவில்லை.

"குழம்பு உண்டுங்களா, மகாராஜா?" என்றான் சங்கிலி.

"உண்டுடா, உண்டு! நீ வழி!"

சொன்ன வேகத்தில் மன்னருக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிறு குலுங்கச் சிரித்து, முத்துமாலையைக் கழற்றிச் சொக்கப்பன் கழுத்தில் போட்டார். திருமேனியாருக்குத்தான் பொறுக்கவில்லை.

"மகாராஜா, அப்போது மதில்? நானே நின்று முடித்துத் தரட்டுமா?"

மன்னர் சட்டென்று திரும்பினார்.

"மதிலை எவன் முடிக்கிறானோ, அவன்தான் தனியாகத் தேர் இழுக்க வேண்டும்!"