இளவரசன் ஏன் கடலுக்குப் போனான்?

முன்னொரு காலத்தில் வெண்கோடு என்ற நாட்டை மாறவேள் என்ற அரசன் ஆண்டுவந்தான். காலையில் ஓர் ஆணை போடுவான். மாலையில் அதைப் போட்டது யார் என்று விசாரிப்பான்.

அவனுக்குத் தோல்பாவைக் கூத்து என்றால் உயிர். அந்த ஆண்டு திருவிழாக் கூத்தை அமைக்கும் பொறுப்பு அலங்கார அதிகாரி பூவராகனுக்குக் கிடைத்தது. மந்திரி பதவியின்மேல் அவருக்கு நெடுநாளாகவே ஒரு கண்.

கூத்து நடந்தது. திரையில் மயிலின் இறகுகள் தனித்தனியாக அசைந்தன. அலை எழுந்தபோது முன்வரிசைக்காரர்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டார்கள். தொட்டிலில் கிடந்த இளவரசன் வளர்ந்து, கடலுக்குப் போய், அரக்கனோடு சண்டையிட்டு மாண்டான். ஊரே வாய்பிளந்து பார்த்தது. மந்திரி குழைக்காதர் மட்டும் கொட்டாவி விட்டார்.

பூவராகன் அதை அரசன் காதில் போட்டுவிட்டார். அரசன் மந்திரியை அழைத்துக் கேட்டான். காட்சி அழகுதான், உள்ளே கதைதான் இல்லை என்றார் மந்திரி. அதை நாளைக்குள் சபையறியக் காட்ட வேண்டும், தவறினால் பதவி பூவராகனுக்கு என்று அரசன் சொல்லிவிட்டான்.

மந்திரிக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் ரசித்ததைத் தன்னால் ரசிக்க முடியவில்லையே, ஒருவேளை தனக்குத்தான் மனசு மரத்துப்போய்விட்டதோ என்று யோசித்தார். சோதித்துப் பார்த்துவிடலாம் என்று கூத்துக் கொட்டகைக்குப் போனார்.

பாவைகளைக் காட்சி வரிசைப்படி பெட்டியில் அடுக்கிவைப்பது வழக்கம். மேலே இருப்பதை எடுத்து முதலில் ஆட்டுவார்கள். அந்த அடுக்கை அப்படியே கவிழ்த்து வைக்கும்படி ஆட்டுபவரிடம் மந்திரி சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் சபைக்கு முன்னால் கூத்து மறுபடி நடந்தது. பூவராகன் அரசன் பக்கத்திலேயே உட்கார்ந்து, இன்றைக்கு அலை நேற்றைவிடத் தெளிவு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் அரசன் கைதட்டினான்.

"உம்மால் காட்ட முடியவில்லையே, மந்திரியாரே."

"காட்டிவிட்டேன், அரசே. இளவரசன் இன்று முதலில் செத்தான். பிறகு சண்டை போட்டான். கடைசியில் தொட்டிலில் கிடந்தான். கூத்தைத் தலைகீழ் வரிசையில் ஆட்டச் சொன்னேன். யாருக்கும் தெரியவில்லை, அமைத்தவருக்கும்கூட."

அரசன் வெறும் திரையைப் பார்த்தான்.

"செத்தவன் எழுந்து வந்ததைக் கவனித்தேன். அதுவும் ஒரு வேலைப்பாடு என்று நினைத்தேன்" என்றான். பிறகு திரும்பி, "ஓய் பூவராகரே, அவன் எதற்காகக் கடலுக்குப் போனான்?" என்று கேட்டான்.

"அங்கேதான் அலை இருக்கிறது, பிரபு."

சபையில் யாரோ இருமினார்கள்.

பூவராகனுக்கென்று வைத்திருந்த முத்துமாலை மந்திரி கழுத்தில் விழுந்தது. பதவியும் அவரிடமே நின்றது. இளவரசன் கடலுக்குப் போனதற்குக் காரணம் கிடைக்கும்வரை பூவராகன் தம் கூத்தைத் தினமும் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. இந்த ஓர் ஆணையை மட்டும் அரசன் மறக்கவில்லை.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பூவராகன் மந்திரி வீட்டுக்கு வந்தார். "நீராவது சொல்லும் ஐயா, அவன் ஏன்தான் போனான்?" என்றார். மந்திரிக்கும் தெரியவில்லை. இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

இருவரும் சேர்ந்து அமைத்த அடுத்த திருவிழாக் கூத்தில் இளவரசன் வீட்டை விட்டே கிளம்பவில்லை. அவன் போவானா மாட்டானா என்று பார்க்க, விடியும்வரை ஒருவரும் எழுந்து போகவில்லையாம்.