ஈஸ்டுக்காக இருந்த விரதம்

ஈஸ்ட் என்பது ரொட்டியை உப்பவைக்கும் சமாச்சாரம். மேற்கொண்டு தெரிய வேண்டுமானால் பேக்கரியில் கேளுங்கள். எனக்குக் கதை சொல்ல வேண்டும்.

தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரி. அதன் ஆய்வுக்கூடத்தில் மூன்று உதவியாளர்கள்: செல்லையா, மாடக்கண்ணு, பேச்சிமுத்து. செல்லையா மூத்தவர். மூவரும் சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அதுதான் தொல்லை.

அங்கே முனைவர் பட்டத்துக்குப் படித்தவள் ரூபாவதி. ஈஸ்டைப் பட்டினி போட்டால் அது தன்னையே உள்ளுக்குள் தின்ன ஆரம்பிக்கும். அந்த வேலைக்கென்று ஒரு புரதம் உண்டு. அதை மட்டும் தேடிப் பிடிக்கிற மருந்து ஆன்டிபாடி. முயல் ரத்தத்திலிருந்து எடுப்பது. பிடித்துவிட்டால் சவ்வுத்தாளில் இரண்டு கறுப்புக் கோடு விழும். விழுந்தால் பட்டம். விழாவிட்டால் இன்னொரு வருஷம் போச்சு. மருந்தோ குப்பியின் அடியில் ஒரு சொட்டுதான் பாக்கி.

இந்த நேரம் பார்த்து அவளுக்கு அம்மை போட்டது. படுத்தபடியே போன் செய்தாள்.

"அண்ணாச்சி, ஈஸ்டைச் சர்க்கரை இல்லாத தண்ணியில போட்டு, சாயங்காலம் வரைக்கும் பட்டினி போடுங்க. பட்டினி கிடந்ததுக்கு மட்டும் ஆன்டிபாடி. குப்பி ஐஸ்லயே இருக்கட்டும். ரெண்டு கோடு வரணும். என் பட்டம் உங்க கையில."

"கவலைப்படாதீங்கம்மா," என்றார் செல்லையா. கவலைப்பட வேண்டிய இடம் அதுதான்.

முதலில் ஐஸ். பேச்சிமுத்து குப்பியை எட்டிப் பார்த்தான். "முயல்லேருந்து வந்ததுல்லா? குளிர் தாங்குமா?" மப்ளரைக் கழற்றிக் குப்பிக்குச் சுற்றினான். பிறகு ஐஸில் வைத்தான். உத்தரவை மீறவில்லை பாருங்கள்.

அடுத்து பட்டினி. ஈஸ்டைத் தண்ணீரில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து புரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சால்னா மணத்தது. மாடக்கண்ணுவின் கை நின்றது.

"பட்டினி கிடக்கிறது முன்னால எப்படிலே திங்க?"

"அதுக்குக் கண்ணு கிடையாதுலே."

"மூக்கு?"

யாருக்கும் தெரியவில்லை. பொட்டலத்தை மூடினார்கள்.

"அது தன்னையே திங்குமாம்," என்றான் பேச்சிமுத்து. "எங்கேருந்து தொடங்கும்?"

"வால்லேருந்துதான்," என்றார் செல்லையா.

"அப்போ கடைசியில வாய் மட்டும் மிஞ்சுமே. வாயை எது திங்கும்?"

வெகுநேரம் யோசித்தார்கள். மாடக்கண்ணு அழுதுவிட்டான். எழுந்து போய் ரெண்டு கரண்டி சர்க்கரையை அள்ளித் தண்ணீரில் போட்டான்.

"ஏலே, பட்டினில்லா போடச் சொன்னாங்க!"

"பட்டினி கிடக்கணும், அவ்வளவுதானே அண்ணாச்சி? யார் கிடந்தா என்ன? உங்க கண்ணு ஆபரேஷனுக்கு மதினி விரதம் இருந்தாங்களா இல்லையா?"

"இருந்தா."

"கண்ணு யாருக்குத் தெரிஞ்சுது?"

"எனக்குத்தான்."

"பின்னே?"

செல்லையா சர்க்கரை டப்பாவை மூடி வைத்தார்.

ஈஸ்டுக்காக யார் விரதம் இருப்பது? செல்லையாவுக்குச் சர்க்கரை வியாதி. பேச்சிமுத்துவுக்கு வயிற்றுப்புண். மாடக்கண்ணு ஒத்துக்கொண்டான். அவன் பங்குப் புரோட்டாவை மற்ற இருவரும் அவன் முன்னாலேயே தின்றார்கள். அவனுக்குக் கண்ணும் மூக்கும் உண்டென்பது யாருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் ஈஸ்ட் நுரைத்துப் பொங்கி வழிந்தது. மாடக்கண்ணு பெஞ்சில் சுருண்டு கிடந்தான்.

"இப்போ மருந்து யாருக்கு?" என்றான் பேச்சிமுத்து.

"பட்டினி கிடந்ததுக்கு மட்டும்னு சொல்லியிருக்காங்க," என்றார் செல்லையா. "ஈஸ்ட் மத்தியானத்துலேருந்து தின்னுக்கிட்டு இருக்கு. அதுக்கு ஊத்தினா அம்மா வைவாங்க."

மாடக்கண்ணுவின் சட்டையைத் தூக்கினார்கள். கடைசிச் சொட்டு வயிற்றில் விழுந்தது. செல்லையா ஒற்றை விரலால் பதமாகத் தேய்த்தார்.

போன் அடித்தது. "அண்ணாச்சி, கோடு விழுந்துச்சா?" ரூபாவதிதான்.

"விழுந்திருக்கும்மா. நல்ல கறுப்பு. படம் அனுப்புதேன்."

படம் போயிற்று. மாடக்கண்ணுவின் அரைஞாண் கயிறு.

"அண்ணாச்சி... இதுல என்ன, தொப்புள் தெரியுது?"

"மாடக்கண்ணுதும்மா."

"என் ஈஸ்ட்?"

"சாப்பிட்டுட்டுச் சௌக்கியமா இருக்கும்மா."

அந்தப் பக்கம் அழுகை. செல்லையாவுக்கு மனசு கேட்கவில்லை.

"ஏம்மா அழுவுதீங்க? ரெண்டாவது கோடும் வந்துரும். பேச்சிமுத்துக்கு ராத்திரிச் சோறு கிடையாதுன்னு சொல்லியாச்சு. மருந்தும் மாடக்கண்ணு வயித்துலேருந்து கொஞ்சம் வழிச்சு வச்சிருக்கேன்."