கண்ணீர் அஞ்சலிக்காரர்

குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மடம். குரு சிவகாமி அம்மைக்கு நாற்பது வயது. சீடர் மாடக்கண்ணுவுக்கு எழுபது. தென்காசியில் ஓர் அச்சகத்தில் காலமெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வாசகம் எழுதியவர். ஊரில் யார் செத்தாலும் இவர் எழுத்தில்தான் போய்ச் சேர்வார்கள்.

ஐப்பசி வெள்ளத்தில் அவர் வீடு போயிற்று. மனைவி பேச்சித்தாயும் போனாள். மனிதர் உடைந்துபோய் மடத்துக்கு வந்தார்.

"அம்மா, அவ முகம் நினைவிருக்கு. குரல் மறந்துட்டு. எவ்வளவு யோசிச்சாலும் காதுல விழ மாட்டேங்கு. எழுதுனா வருமா?"

"எழுதிப் பாருங்க அண்ணாச்சி."

மறுநாள் எழுதிக் கொண்டுவந்தார். குரு கீரை ஆய்ந்துகொண்டே படித்தார்.

'குலவிளக்கே, பொறுமையின் சிகரமே, எங்களைத் தவிக்கவிட்டுச் சென்றாயே. கண்ணீரில் மிதக்கும் கணவர்.'

"குரல் வந்துதா?"

"இல்லம்மா."

"எப்படி வரும்? கீழ அச்சகத்து போன் நம்பரைல்லா போட்டிருக்கீங்க."

மாடக்கண்ணு குனிந்து பார்த்தார். போட்டுத்தான் இருந்தது. கைப்பழக்கம்.

"பொறுமையின் சிகரம்னு இருக்கே, நெசமா?"

"அப்படிச் சொல்லிர முடியாது."

"பிறகு?"

"செத்தவங்களைப் பத்திக் குறை எழுதலாமா?"

"இதை எந்தச் சுவர்ல ஒட்டப் போறோம் அண்ணாச்சி?"

அவர் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்துச் சமையற்கட்டுக்கு வந்து, நின்றபடியே வாசித்தார்.

"பேச்சித்தாய் குறட்டை விட்டா பக்கத்து வீட்டு நாய் குலைக்கும். எழுப்பிச் சொன்னா ஒத்துக்கிட மாட்டா."

அரிசி களைந்துகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். குருவும் சிரித்தார். மாடக்கண்ணுவுக்கும் சிரிப்பு வந்தது. வெள்ளத்துக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு.

"அவ மட்டும் இதைக் கேட்டிருந்தா சும்மா விடுவாளா? 'ஒங்களுக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு? நான் எங்க தூங்குனேன், சும்மா கண்ணை மூடிட்டுல்லா கிடந்தேன்'னு..."

சட்டென்று நிறுத்தினார். கை காதுக்குப் போயிற்று; பேனா நழுவிக் கீழே விழுந்தது. கண் நிறைந்துவிட்டது.

"அம்மா, அவதான். அதே குரல்."

கீழே கிடந்த பேனாவை எடுத்து அவர் கையில் கொடுத்தார் குரு.

"அதையும் எழுதிருங்க அண்ணாச்சி. அவங்க பக்க நியாயமும் வேணும்லா."