ஏழாவது மாடியின் இரண்டாம் சரணம்

"இன்பாவுக்குப் பதினோரு பாட்டு ஹிட். எனக்கு ஒண்ணே ஒண்ணு. ஏன் மிஸ்?"

ரூபன் வாசலில் நின்றபடியே கேட்டான்.

பிலோமினா மிஸ் கிட்டாருக்குப் புதுக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார். ரூபனைவிட ஆறு வயது இளைய பாட்டு டீச்சர். பெரம்பூரில் ராக் பாடகர்களுக்குத் தொண்டை கட்டினால் அவரிடம்தான் ஓடுவார்கள். மனசு சரியில்லாவிட்டாலும் அங்கேதான்.

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க."

கழற்றினான். வயிற்றெரிச்சலைத்தான் கழற்ற முடியவில்லை.

பதினாறு வருடத்துக்கு முன் ரூபன் பாடிய 'ஏழாவது மாடி' ஊரையே ஆட்டிவைத்தது. ஆட்டோவில், காலேஜில், கல்யாண மண்டபத்தில், எங்கும் அதுதான். அதற்குப் பிறகு நாற்பது பாட்டுப் பாடினான். ஒன்றைக்கூட யாரும் சீண்டவில்லை. அன்று அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடிய இன்பா இன்று ஸ்டேடியத்தை நிரப்புகிறான். பொறாமை என்றால் சும்மா இல்லை. டீக்கடையில் இன்பா குரல் கேட்டால் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போகிற பொறாமை.

"ஞாயித்துக்கிழமை அவன் கச்சேரி. வந்து ஏழாவது மாடி பாடுங்கண்ணேன்னு கூப்பிடுறான். பழைய சாமான் மாதிரி என்னைத் தூக்கிக் காட்டப் பாக்குறான் மிஸ். முடியாதுன்னு சொல்லப் போறேன்."

"சொல்லுங்க. அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு தடவை பாடிக் காட்டுங்க. முழுசா."

ரூபன் பாடினான். பல்லவி கணீரென்று வந்தது. முதல் சரணமும் பிசகவில்லை. மிஸ் காலால் தாளம் போட்டார்.

இரண்டாம் சரணம் வந்ததும் ரூபனின் கை தானாக நீண்டது. மேடையில் அந்த இடத்தில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிடுவான். கூட்டமும் பின்னால் நிற்கும் கோரஸும் பாடும். பல்லவி திரும்பும்வரை இவன் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். பதினாறு வருடப் பழக்கம்.

அறையில் கூட்டம் இல்லை.

"பாடுங்க மிஸ்."

"எனக்குத் தெரியாது. உங்க பாட்டு."

ரூபன் வாயைத் திறந்தான். வரி வரவில்லை. பல்லவியிலிருந்து மறுபடி பாடி வந்து பார்த்தான். அதே இடத்தில் மாட்டிக்கொண்டான். முகம் சிவந்துவிட்டது.

"வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார் மிஸ்.

ரூபன் ஜன்னலைப் பார்த்தான். கிட்டாரைப் பார்த்தான்.

"இன்பாவுக்கு," என்றான் கடைசியில். சொல்லும்போதே நாக்கு கசந்தது.

மிஸ் அவன் சட்டைப் பையில் இருந்த போனைக் காட்டினார்.

இரண்டாவது மணியிலேயே இன்பா எடுத்துவிட்டான். "அண்ணே! ஞாயித்துக்கிழமை வர்றீங்கல்ல?"

"அது இருக்கட்டும். ஏழாவது மாடி, ரெண்டாவது சரணம்... எப்படிடா ஆரம்பிக்கும்?"

இன்பா சிரிக்கவில்லை. எதற்கு என்று கேட்கவும் இல்லை. பாடத் தொடங்கிவிட்டான்.

"மூணாவது மாடியில மூச்சு வாங்குது..."

ஸ்டேடியத்தில் பாடுகிற குரல் அல்ல. பின்வரிசையில் நின்று பாடுகிறவனின் அடங்கிய குரல். நான்கு வரியும் ஒன்று விடாமல் வந்தன. நன்றாகவே பாடினான். ரூபனுக்கு அதுவும் எரிந்தது.

பல்லவி திரும்ப வேண்டிய இடத்தில் பாட்டு நின்றுவிட்டது. லைன் கட்டாகிவிட்டதோ என்று ரூபன் போனைப் பார்த்தான்.

"என்னடா, நிறுத்திட்டே?"

"இங்க நீங்கதானேண்ணே வரணும்," என்றான் இன்பா.